நிறுத்தமும் தரிப்பிடமும்: வாகன வழக்கிற் சொல்லாட்சி

புதிய பொருளொன்று ஒரு நாட்டினுட் புகும்போது அதற்குரிய பெயரும் உடன் புகுதல் இயல்பு. பொருளைப் பெற்ற மக்கள் அப்பெயரை அவ்வாறே ஏற்றுக்கொள்வர். அன்றேல், தம் மொழியில் முன்னரே வழங்கிய பழஞ்சொல்லொன்றுக்குப் புதுப்பொருள் ஏற்றுவர். அன்றேல், புதுச்சொல் புனைவர். இம்மூன்று நெறிகளும் ஒருங்கே தொழிற்படுவதைக் காண விழைவோர்க்கு மோட்டார் வாகனம் பற்றிய சொற்கள் ஏற்ற களமாகும். அவற்றுள்ளும் இரு வினைகளைக் குறிக்குஞ் சொற்களே ஈண்டு ஆராயப்படுகின்றன. ஒன்று, வாகனத்தைச் செலுத்துதல். மற்றொன்று, செலுத்திவந்த வாகனத்தை ஓரிடத்தில் விட்டுவைத்தல். முன்னதிற் பெரும் இடர்ப்பாடில்லை. பின்னதிலோ தமிழ்நாட்டு வழக்கும் இலங்கை வழக்கும் வேறுபட்டுச் செல்கின்றன. இரண்டும் தனித்தனியே ஒவ்வொரு குறையும் உடையனவாயிருக்கின்றன.

மாத்தளை இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற ஊர். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் பெருவீதி இந்நகரினூடாகச் செல்கின்றது. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர், தம்புள்ளை, நாலந்தா வழியாகக் கால்நடையாகவே வந்து மலைநாட்டுத் தோட்டங்களை நோக்கிப் பிரிந்து சென்ற வாயில் இதுவாகும். 1880இல் கண்டியிலிருந்து புகையிரதப் பாதை இங்கு வந்து முடிந்தது. நடையும் மாட்டுவண்டியும் புகையிரதமும் மோட்டார் வாகனமும் அடுத்தடுத்து வந்த இவ்வூரில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் எனும் மூன்று மொழிகளும் அறிவிப்புப் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் ஓர் அரசகரும மொழியாதலின், பலகையிலுள்ள தமிழ்ச்சொல் மரியாதைக்காக எழுதப்பட்ட அணியன்று. படிப்போனைக் கட்டுப்படுத்தும் விதியாகும். விதியைக் கூறுஞ் சொல் ஐயத்துக்கு இடமாதல் தகாது.

தமிழ்ச் சொற்களை ஆராயுமுன் பிறமொழியாளர் இவ்விடர்ப்பாட்டை எவ்வாறு கடந்தனர் என்பதை நோக்குதல் நன்று. ஆங்கிலத்தில் வாகனத்தை விட்டுவைத்தலைக் குறிக்கும் 'பார்க்' எனுஞ் சொல் ஆங்கிலேயர்க்கு உரியதன்று. மத்திய காலத்தில் அவர்கள் அதனைப் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து பெற்றனர். அக்காலத்தில் அது வேட்டை விலங்குகளை அடைத்து வைத்த வேலியிட்ட நிலத்தைக் குறித்தது. பின்னர்ப் படைத்துறையினர் பீரங்கிகளையும் அவற்றுக்குரிய வண்டிகளையும் ஒழுங்காக வைக்கும் வளாகத்தை அப்பெயரால் அழைத்தனர். பெயர்ச்சொல் வினைச்சொல்லாகிப் பீரங்கியிலிருந்து குதிரைவண்டிக்கும், குதிரைவண்டியிலிருந்து மோட்டார் வாகனத்துக்கும் சென்றது. சிங்களத்தில் வாகனத் தரிப்பிடத்துக்கு வழங்கும் 'ரதகால' எனுந் தொடரும் இத்தகையதே. அதன் இறுதிப்பகுதி கால்நடைகளை அடைக்கும் பட்டியையும் வண்டிகள் நிற்கும் கொட்டகையையும் குறிப்பது. ஈழத்துத் தமிழ்க் கிராமங்களில் மாடு அடைக்கும் இடத்தை 'மாட்டுக்காலை' என்பதும் ஒப்புநோக்கத்தக்கது. ஆகவே, ஆங்கிலமும் சிங்களமும் அடைப்பிடத்தை முதன்மையாகக் கொண்டு பெயரிட்டன எனலாம்.

பிரெஞ்சுக்காரரின் வரலாறு இதனினும் சுவையானது. தாம் கொடுத்த சொல்லையே ஆங்கிலத்தின் விகுதியோடு அவர்கள் 20ஆம் நூற்றாண்டில் மீளப் பெற்றனர். ஆயினும் ஆங்கிலத்திற் 'பார்க்கிங்' என்பது செயலைக் குறிக்க, பிரெஞ்சில் அது இடத்தைக் குறிக்கலாயிற்று. செயலைக் குறிக்க அவர்களிடம் வேறிரு சொற்கள் உள. ஒன்று 'காரே' என்பது. அது படகைக் கால்வாயின் ஒதுக்கிடத்திற் கட்டிவைத்தலைக் குறித்த சொல்; அதன் வழிவந்ததே பிரெஞ்சில் புகையிரத நிலையத்தைக் குறிக்கும் 'கார்' எனுஞ் சொல். மோட்டார்க் காருக்கும் இதற்கும் உறவில்லை. எனினும் உலகெங்கும் வழங்கும் 'கராஜ்' எனுஞ் சொல்லுக்கு இதுவே தாய். மற்றைய சொல் 'ஸ்தாசியோனே' என்பது; ஓரிடத்தில் நிலைகொள்ளுதல் என அது பொருள்படும். பிரான்சின் வீதிச் சட்டக்கோவை இவ்விடத்து மிகத் தெளிவான வரையறையொன்றைத் தருகின்றது. ஆட்களை ஏற்றவோ இறக்கவோ, பொருளை ஏற்றவோ இறக்கவோ வேண்டிய சிறுபொழுது வாகனம் நிற்பதும், சாரதி தன் இருக்கையிலோ வாகனத்தின் அருகிலோ இருப்பதும் 'அரே' எனப்படும். இவ்வரையறையுள் அடங்காது வாகனம் வீதியில் நிற்பின் அது 'ஸ்தாசியோன்மான்' எனப்படும். முன்னதற்கு இசைவளிக்கும் இடத்திற் பின்னது தடுக்கப்படலாம். சட்டம் வேண்டிய வேறுபாட்டைச் சொல்லே தாங்கி நிற்கின்றது.

ஒரே மொழியைப் பேசுவோரும் நாடு வேறுபடின் சொல்லில் வேறுபடுவர் என்பதற்குப் பிரெஞ்சு மொழியே சான்று. பிரான்சிலே வீதிச்சந்தியில் நிற்கும் எண்கோணப் பலகையில் 'ஸ்டொப்' எனும் ஆங்கிலச் சொல் காணப்படும். கனடாவின் கியூபெக் மாகாணத்திலோ அதே பலகையில் 'அரே' என எழுதியிருக்கும். பிரான்சிலே 'பார்க்கிங்' எனப்படும் இடம் கியூபெக்கில் 'ஸ்தாசியோன்மான்' எனப்படும். ஆங்கிலத்தின் நடுவே வாழ்வோர் தம் மொழியைக் காக்கும் விழிப்புடன் 1977இற் பிரெஞ்சு மொழிப் பட்டயத்தை இயற்றினர். மொழியின் தாயகத்தில் வாழ்வோர்க்கு அத்தகைய அச்சம் அவ்வளவு இருக்கவில்லை. தாயகத்துக்கு அப்பால் வாழும் மொழிக்குழு சில வேளைகளில் தாயகத்தினும் நுண்ணிய சொற்களை வைத்திருத்தல் கூடும் என்பது இதனாற் புலனாகும். இலங்கைத் தமிழரின் வழக்கை ஆராயும்போது இச்செய்தி பயன்படும்.

இனி, செலுத்துதலைக் குறிக்குஞ் சொற்களை நோக்குவோம். ஆங்கிலத்தின் 'டிரைவ்' என்பது கால்நடைகளைப் பின்னின்று துரத்தி முன்செலுத்துதலைக் குறித்த சொல். பிரெஞ்சின் 'கோந்துவீர்' என்பதோ வழிநடத்திச் செல்லுதல் எனப் பொருள்படும். ஒரே தொழிலை ஆங்கிலேயர் மேய்ப்பன் நிலையில் நின்றும், பிரெஞ்சுக்காரர் வழிகாட்டி நிலையில் நின்றும் நோக்கினர். தொழிற்பெயர்களிலோ குழப்பம் மிகுந்தது. பிரெஞ்சில் 'கோந்துக்தேர்' என்பவன் வாகனத்தைச் செலுத்துவோன். அதே மூலத்திலிருந்து பிறந்த ஆங்கிலக் 'கொண்டக்டர்' பஸ்ஸிற் பயணச்சீட்டு வழங்குவோன். நீராவிப் பொறிக்கு எரியூட்டியவனைக் குறித்த பிரெஞ்சுச் சொல் 'ஷோஃபர்'. எரியூட்டும் வேலை மறைந்த பின்னரும் அப்பெயர் மறையவில்லை. பிரெஞ்சில் அது தொழில்முறைச் சாரதியைக் குறிக்க, ஆங்கிலத்திற் செல்வர் வீட்டுச் சம்பளச் சாரதியை மட்டும் குறிக்கலாயிற்று. சொற்கள் தம் பிறப்பை மறந்து தொழிலை மட்டும் நினைவிற் கொள்ளும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

தமிழில் மேய்ப்பன் நோக்கும் வழிகாட்டி நோக்கும் ஆகிய இரண்டும் உண்டு. ஓட்டுதல் என்பது ஓடச்செய்தல். மாடு ஓட்டுதல், ஏர் ஓட்டுதல், வண்டி ஓட்டுதல் என அது உழவர் வாழ்விலிருந்து வளர்ந்தது. ஆங்கிலத்தின் 'டிரைவ்' என்பதற்கு நேரானது. செலுத்துதல் என்பது செல்லச்செய்தல்; ஒரு திசையை நோக்கி நெறிப்படுத்துதல் எனும் குறிப்பு அதில் உண்டு. தமிழ்நாடு ஓட்டுதலைத் தெரிந்து 'ஓட்டுநர்', 'ஓட்டுநர் உரிமம்' என்றது. இலங்கை எழுத்துவழக்குச் செலுத்துதலைத் தெரிந்து 'வாகனம் செலுத்துதல்' என்கின்றது. ஓட்டுதலைத் தாழ்ந்த சொல்லெனக் கருதுதல் பொருந்தாது. 1906இல் தூத்துக்குடியிற் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பல் நடத்திய வ. உ. சிதம்பரம்பிள்ளை, கப்பலோட்டிய தமிழன் எனப் போற்றப்படுகின்றார். அவர் சுக்கானைத் தம் கையிற் பிடித்தவரல்லர். ஆயினும் ஓட்டுதல் எனுஞ் சொல் அவரது பெருமுயற்சி முழுவதையும் தாங்கிற்று. மாறாக, செலுத்துதலுக்கு ஓர் இடர் உண்டு. வரி செலுத்துதல், கட்டணம் செலுத்துதல் எனும் வழக்குகள் வலுப்பெற்றமையாற் 'செலுத்துநர்' என்றாற் பணம் கட்டுவோனே நினைவுக்கு வருவான். அதனாற்போலும், இலங்கை வழக்கு வினைக்குச் செலுத்துதலையும் வினைசெய்வோனுக்குச் 'சாரதி' என்பதையும் கொண்டது.

சாரதி எனுஞ் சொல் வடமொழியிற் தேரோடு உடன்செல்வோன் எனும் பொருளிற் பிறந்தது. தமிழில் இதற்கு நேரான பழஞ்சொற்கள் வலவன், பாகன் என்பன. முல்லைத்திணைப் பாடல்களில், வினைமுடித்து மீளும் தலைவன் தன் உள்ளத்தைத் திறந்து பேசுவது பாகனிடத்தேயாம். ஆகவே, தேர் செலுத்துவோனைத் துணைவனாகவும் அறிவுடையோனாகவும் கருதும் மரபு தமிழுக்குப் புதிதன்று. வடமொழி மரபிற் கடோபநிடதம் உடலைத் தேராகவும் அறிவைச் சாரதியாகவும் உருவகிக்கின்றது. பாரதத்திற் கண்ணன் பார்த்தனுக்குச் சாரதியானான். சல்லியன் கன்னனுக்குச் சாரதியானான். தொழில் ஒன்றே, ஒருவன் சொல் தேரிலிருந்தோனைத் தெளிவித்தது, மற்றவன் சொல் தேரிலிருந்தோனைத் தளர்வித்தது. இத்தகைய நினைவுகளை உடன்கொண்டு வரும் ஒரு சொல்லை, மலைநாட்டு வளைவுகளில் நாள்தோறும் பல உயிர்களைச் சுமந்து செல்லும் பஸ் சாரதிக்கு வழங்கியமை இலங்கை வழக்கின் பண்பாகும். சிங்களத்தாரும் தேரை நினைந்தே பெயரிட்டனர். சாரதியைக் குறிக்கும் 'ரியதுரு', புகையிரதத்தைக் குறிக்கும் 'தும்ரிய' ஆகிய இரண்டிலும் உள்ள 'ரிய' என்பது இரதமே. புகையிரதமும் தும்ரியவும் பொருளால் ஒரே தொடர். 'ஓட்டுநர்', 'சாரதி' ஆகிய இரண்டும் குற்றமற்றவை. பொருளில் மயக்கம் தாராதவை. ஆகவே ஒன்றை நீக்கி மற்றதை நிறுவ முயல வேண்டுவதில்லை.

'நடத்துநர்' எனும் சொல்லைப் பற்றி அவ்வாறு கூறமுடியாது. பஸ்ஸிற் பயணச்சீட்டு வழங்குவோன் பஸ்ஸை நடத்துவதில்லை. ஆங்கிலச் சொல்லின் அடியை மட்டும் நோக்கிச் செய்த மொழிபெயர்ப்பு இது. பிரெஞ்சுக்காரர் அவனை 'ரெசவேர்', அதாவது பெறுவோன், என்றது தொழிலுக்கு ஏற்ற பெயராயிற்று. எனினும் 'நடத்துநர்' மக்கள் நாவில் வேரூன்றிவிட்டது, வேறொன்றோடு மயங்குவதுமில்லை. பிறப்பிற் பிழையுடைய சொல்லும் வழக்கில் தெளிவுடையதாயின் அதனை ஏற்றல் முறை. பிறப்பிற் பிழையற்ற சொல்லும் வழக்கில் மயக்கந் தருமாயின் அதனைத் திருத்தல் முறை. இவ்வளவுகோலைக் கொண்டே வாகனத்தை விட்டுவைத்தல் பற்றிய சொற்களை அளக்கவேண்டும்.

விட்டுவைத்தல் எனும் கருத்துத் தமிழர்க்கு மோட்டாருடன் வந்த புதுமையன்று. மாட்டுவண்டிகள் தங்கிய இடம் வண்டிப்பேட்டை எனப்பட்டது. பயணிகள் இளைப்பாறிய இடம் அம்பலம், மடம் எனப்பட்டது. சுமைகாவுவோர் தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் நாட்டப்பட்டது. இவற்றினும் தெளிவான சான்று கோயிற் தேராகும். மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகப் பெருவிழாவிற் பஞ்சரத பவனி நிகழும். வடம்பிடித்து இழுக்கப்படும் தேர் வீதியிற் பலகாலும் நிற்கும்; அருச்சனைக்காக நிற்கும், வளைவிற் திருப்புதற்காக நிற்கும். அப்போதெல்லாம் 'தேர் நின்றது' என்பரேயன்றித் 'தேர் நிலைக்கு வந்தது' என்னார். பவனி முடிந்து தனக்குரிய இடத்தை அடைந்த பின்னரே தேர் நிலைக்கு வந்ததாகும். அவ்விடம் தேர்நிலை எனவும் தேர்முட்டி எனவும் வழங்கும். நிற்றல் வேறு, நிலைகொள்ளல் வேறு என்பதைத் தேர்வடம் பிடித்த சிறுவரும் அறிவர். பிரெஞ்சுச் சட்டக்கோவை வகுத்த வேறுபாடு இதுவே.

இற்றைப் பேச்சுவழக்கும் அவ்வேறுபாட்டை இழந்திலது. ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தை நிற்கச் செய்யும்போது 'வண்டியை நிற்பாட்டு' என்பர். வாகனத்தை ஓரிடத்தில் வைத்துவிட்டு அகலும்போது 'வண்டியை அங்கே விட்டுவிட்டு வா' என்பர். 'விடுதல்' எனும் இவ்வினை வியப்புக்குரியது. 'உனக்குக் கார் விடத் தெரியுமா?' என்றாற் செலுத்துதலைக் குறிக்கும்; 'காரை எங்கே விட்டாய்?' என்றால் விட்டுவைத்தலைக் குறிக்கும். ஒரு சொல்லே இயக்கத்தையும் ஓய்வையும் குறித்தும் கேட்போர் மயங்குவதில்லை. இரண்டாம் வேற்றுமை உருபும் இடப்பெயரும் துணைநின்று பொருளைத் தெளிவிக்கின்றன. பேச்சில் முகமும் கையும் சூழலும் உதவும். பலகையிலோ சட்டத்திலோ அவ்வுதவி இல்லை. ஆகவே எழுத்துவழக்குத் தனக்கெனத் திட்டமான சொற்களைத் தேடவேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டு எழுத்துவழக்கு நிறுத்துதல் எனும் ஒரு வினையையே இரண்டிடத்தும் ஆள்கின்றது. பஸ் சிறுபொழுது நின்று செல்லும் இடம் 'பேருந்து நிறுத்தம்'. வாகனங்களை விட்டுச்செல்லும் இடம் 'வாகன நிறுத்துமிடம்'. பெயர்களில் இது பெருந்தீங்கு செய்யவில்லை. தடைவிதியில் வரும்போதே குறை வெளிப்படுகின்றது. 1968இல் வியன்னாவில் உருவான வீதிக்குறியீடுகள் பற்றிய உடன்படிக்கையின்படி, சிவப்பு வளையமிட்ட நீலவட்டத்தில் ஒரு குறுக்குக்கோடு இருப்பின் வாகனத்தை விட்டுவைத்தல் தடை. இரு கோடுகள் ஒன்றையொன்று வெட்டி நிற்பின் நிறுத்துதலே தடை. படம் இரண்டாகப் பிரித்ததைச் சொல் ஒன்றாக்கலாமா? 'வாகனத்தை நிறுத்தாதீர்' எனும் தொடரைப் படிக்கும் சாரதி எதனை விளங்கிக்கொள்வான்? வைத்தியசாலை வாயிலில் முதியவர் ஒருவரை இறக்கிவிடுதற்கு ஒரு நிமிடம் நிற்றல் குற்றமாமோ, வாகனத்தை அங்கே விட்டுவிட்டுக் கடைக்குச் செல்லுதல் மட்டும் குற்றமாமோ? சொல்லை எழுத்தின்படி கொள்வோன் முதியவரைத் தொலைவில் இறக்கி நடக்கவைப்பான். தளர்த்திக் கொள்வோன் உண்மையான தடையையும் மீறித் தண்டம் கட்டுவான். இருவரையும் பிழைபடச் செய்தது சொல்லே.

இலங்கை வழக்கு 'தரித்தல்' எனும் வினையைக் கொண்டு 'வாகனத் தரிப்பிடம்' என்றது. தரித்தலுக்கு அணிதல், தாங்குதல் எனும் பொருள்களோடு நிலைபெறுதல், தங்குதல் எனும் பொருளும் உண்டு. கப்பல் துறைமுகத்தில் தரித்து நிற்கின்றது என்பது இலங்கைப் பத்திரிகைகளில் நாள்தோறும் காணும் வழக்கு. படகைக் கட்டிவைத்தலைக் குறித்த சொல்லைப் பிரெஞ்சுக்காரர் வாகனத்துக்கு ஏற்றியது போலவே, கப்பலுக்குப் பொருந்திய சொல்லை இலங்கைத் தமிழர் வாகனத்துக்கும் ஆண்டனர். ஒருவர் மற்றவரைப் பார்த்துச் செய்ததன்று. கருத்தின் இயல்பே இருவரையும் ஒருவழிப்படுத்திற்று. தரித்தலில் நிறுத்தலுக்கு இல்லாத ஒரு பண்பு உண்டு. நிறுத்தல் ஒரு கணத்திற் முடியும் வினை. தரித்தல் காலநீட்சியை உடன்கொண்டது. குருட்சேத்திரத்தில் இருசேனைக்கும் நடுவே கண்ணன் தேரை நிறுத்தினான். கீதை முழுவதும் அங்கே உரைக்கப்பட்ட போதிலும் அத்தேர் தரித்தது என்று கூறல் பொருந்தாது. சாரதி தன் இருக்கையிலேயே இருந்தான், தேர் மேற்செல்லக் காத்திருந்தது. அன்றைப் போர் ஒழிந்து பாசறையிற் குதிரைகளை அவிழ்த்துவிட்ட பின்னரே தேர் தரித்ததாகும்.

இத்துணைச் சிறந்த வேறுபாட்டைத் தன்னகத்தே கொண்ட இலங்கை வழக்கு, அதனைத் தானே கெடுத்துக்கொண்டமை வருந்தத்தக்கது. பஸ் நின்று செல்லும் இடத்தையும் அது 'பஸ் தரிப்பிடம்' என்றும் 'பஸ் தரிப்பு நிலையம்' என்றும் அழைக்கின்றது. அங்கே பஸ் தரிப்பதில்லை. ஆட்களை ஏற்றியிறக்கிச் செல்கின்றது. அரை நிமிட நிறுத்தத்துக்கும் அரைநாள் ஓய்வுக்கும் ஒரே சொல்லை ஆண்டமையால், தரித்தல் தன் காலநீட்சியை இழந்து நிறுத்தலின் மற்றொரு பெயராகத் தேய்கின்றது. தமிழ்நாட்டு வழக்கு எல்லாவற்றையும் நிறுத்தலில் அடக்கிற்று. இலங்கை வழக்கு எல்லாவற்றையும் தரித்தலில் அடக்கிற்று. இருவரிடத்தும் சொல் இல்லாமையன்று குறை. இருவரும் ஒவ்வொரு சொல்லை வைத்துக்கொண்டு இரு பொருளுக்கு ஆண்டதே குறை.

குறை இவ்வாறாயின் மருந்தும் எளிதே. ஒரு கரையினரின் சொல்லை மற்றைக் கரையினர் கொள்ளவேண்டும். பஸ் நின்று செல்லும் இடத்துக்கு இலங்கையர் தமிழ்நாட்டாரின் 'நிறுத்தம்' என்பதைக் கொண்டு 'பஸ் நிறுத்தம்' எனலாம். வாகனங்களை விட்டுவைக்கும் இடத்துக்குத் தமிழ்நாட்டார் இலங்கையரின் 'தரிப்பிடம்' என்பதைக் கொள்ளலாம். பஸ்கள் புறப்பட்டும் வந்துசேர்ந்தும் அமையும் பெரிய இடம் இரு நாட்டிலும் வழங்குமாறு 'நிலையம்' ஆகுக. தடைவிதிகளில், ஒற்றைக்கோட்டுக் குறிக்கு 'தரித்தல் தடை' என்றும், இரட்டைக்கோட்டுக் குறிக்கு 'நிறுத்தலும் தடை' என்றும் எழுதலாம். உம்மையின் ஆற்றலால், நிறுத்தலே தடையாயின் தரித்தலும் தடையே என்பது தானே போதரும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதும் தோட்டத்து இளைஞன், குறியையும் சொல்லையும் ஒருங்கே கண்டு ஐயமின்றி விடையளிப்பான்.

இதற்கு மூவகைத் தடைகள் எழலாம். தரித்தல் வடசொல்லன்றோ என்பது முதலாவது. தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். வடசொல்லை விலக்கவில்லை, தமிழெழுத்துக்கு இயைந்து வருதலையே வேண்டினார். தரித்தல் தமிழ் வினைபோலவே தரித்தான், தரிக்கும், தரியாது எனத் திரிந்து வழங்குவது. அயன்மை அதன் உருவில் எஞ்சவில்லை. தமிழ்நாட்டார்க்கு அது உடை தரித்தலையும் கருத்தரித்தலையுமே நினைவூட்டும் என்பது இரண்டாவது. பல பொருள் ஒரு சொல் தமிழுக்குப் புதிதன்று. வாகனம் என்பதே கோயிலில் மயிலையும் எருதையும் குறித்து, வீதியில் லொறியையும் முச்சக்கரவண்டியையும் குறிக்கின்றது, எவரும் மயங்கியதில்லை. சார்பு பொருளை உணர்த்தும். ஒரு பகுதியில் வழங்கிய சொல் பொதுவழக்காதல் மொழியின் இழப்பன்று, வளர்ச்சியே.

மூன்றாவது தடை வலியது. மக்கள் எளிதாகப் 'பார்க்கிங்' என்றும் 'பார்க் பண்ணு' என்றும் கூறிவர, பண்டிதர் வகுக்கும் வேறுபாடு யார்க்குப் பயன்படும் என்பர். பிறமொழிச் சொல்லை ஏற்றல் இழுக்கன்று. பஸ், லொறி, கராஜ் என்பவற்றை இக்கட்டுரையும் ஆள்கின்றது. அவை வெற்றிடத்தை நிரப்ப வந்தவை. 'பார்க்' எனுஞ் சொல்லோ தமிழர் பேச்சிற் பூங்காவைக் குறித்து முன்னரே அமர்ந்துவிட்டது. அதே ஒலியை மற்றொரு பொருளுக்கும் ஏற்றினால் ஒரு மயக்கத்தை நீக்க மற்றொரு மயக்கத்தை வருவித்தோம் ஆவோம். அன்றியும், ஆங்கிலேயர் தம் சொல்லால் முழுத்தெளிவு பெற்றவரல்லர். நிற்றல், காத்திருத்தல், விட்டுவைத்தல் என்பவற்றைப் பிரிக்க அவர்களும் வெவ்வேறு தடைப்பலகைகளை நாட்டவேண்டியிருக்கின்றது. அமெரிக்க ஆங்கிலத்திற் 'பார்க்வே' என்பது வாகனம் ஓடும் வீதி. 'டிரைவ்வே' என்பது வீட்டுமுன் வாகனம் தங்கும் இடம். இத்தகைய சொல்லமைப்பை மேலென நம்பித் தம் மொழியிலுள்ள நேரிய சொல்லைக் கைவிடுதல், பொன்னை விற்றுப் பித்தளை வாங்குவதாகும்.

கலைச்சொல்லாக்கம் என்றவுடன் இல்லாத சொல்லைப் படைத்தலே நினைவுக்கு வருகின்றது. அதனினும் முற்பட்ட கடமையொன்று உண்டு. இருக்குஞ் சொல்லை அதற்குரிய எல்லையில் நிறுத்துதல் அது. நிறுத்தமும் தரிப்பிடமும் இரண்டும் தமிழிலேயே உள. ஒன்று பாக்குநீரிணைக்கு அப்பாலும் மற்றொன்று இப்பாலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. அவற்றை ஒருங்கு கொணர்ந்து தத்தம் பொருளில் ஆள்வதற்குப் பெருஞ்செலவோ பெருஞ்சபையோ வேண்டுவதில்லை. அறிவிப்புப் பலகை எழுதுவோரும், பாடநூல் இயற்றுவோரும், பத்திரிகையாளரும், வகுப்பறையில் மாணவரின் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியரும் ஒரு சிறு விழிப்புக் கொண்டாற் போதும். பஸ் நிறுத்தத்தில் நிற்கட்டும். வாகனம் தரிப்பிடத்தில் தரிக்கட்டும்.